புது அடுப்பில் பூசிய கரி

அன்புள்ள மக்கா,

ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்து, "அப்பா, அடுத்த வாரம் திருவனந்தபுரம் வாறேன், ஆபீஸ் செலவுல!" என்று கத்தினாய். என்ன வேலை என்று கேட்டேன். புகையில்லா அடுப்புத் திட்டம் ஒன்றைச் சரிபார்க்க வருகிறீர்களாம், நம் கரமனைப் பக்கத்து வீடுகளாம், உன் பெரிய அதிகாரியோடு நீயும் வீடு வீடாகப் போவாயாம், வேலைக்குச் சேர்ந்தபின் முதல் வெளியூர்ப் பயணமாம். உங்கள் காகிதங்களில் அந்தத் திட்டத்துக்கு ஏதோ வெளிநாட்டுப் பெயர் இருக்கும் போல. நான் இன்னும் கொத்தனார் வேலைக்குத்தான் போகிறேன் என்றும் நீ நினைத்திருக்கிறாய். அதனால்தான் உனக்குத் தெரியவில்லை. மக்கா, அந்தத் திட்டத்தின் களச் சூப்பர்வைசர் உன் அப்பன். நான் அதைச் சொல்லியிருக்க வேண்டிய இடத்தில், "சந்தோஷம் மக்கா, சாளை மீன் குழம்பு வைக்கச் சொல்லுகேன்" என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். 

இது உனக்கு எழுதும் கடிதம்தான். ஆனாலும் ஒரு நகல் என் மேலாளருக்கும், இன்னொன்று உன் அலுவலகத்துக்கும் போகிறது. மூன்றாவதை நம் காலனி வாசகசாலைச் சுவரில் ஒட்டப் போகிறேன். உன்னிடம் மட்டும் ரகசியமாகச் சொன்னால், அப்பன் மகன் காதில் ஓதிக் கொடுத்தான் என்று ஆகிவிடும். எல்லோருக்கும் கேட்கச் சொன்னால் மானம் போவதோடு முடிந்துவிடும். அது எனக்கு அவ்வப்போது போய்ப் பழகிய சாமான்தான்.

உன் அப்பன் குறும்புக்காரன் என்று ஊருக்கே தெரியும். மீசை நரைத்த பிறகும் எனக்குப் பதினாறு வயது தாண்டவில்லை என்று உன் அம்மா சொல்வாள். சபை நாடகத்தில் சாத்தானுக்கு வாலில் பட்டாசு கட்டியவன் நான். கோவளத்துக் கலங்கரை விளக்கத்தை விடியற்காலையில் ஓர் ஆள் மேலே ஏறி ஊதி அணைப்பார், அவர் நம்ம மார்த்தாண்டத்துக்காரர், அவ்வளவு மூச்சு வேறு ஊர்க்காரனுக்குக் கிடையாது என்று உனக்குச் சொல்லி வைத்தவனும் நான்தான். நாலாம் வகுப்பில் நீ எழுந்து நின்று அதை டீச்சருக்குச் சொன்னாய். வகுப்பே சிரித்தது. மாலையில் வீட்டுக்கு வந்து புத்தகப் பையைக் கூடக் கழற்றாமல் என் முன்னால் நின்றாய். "வேற யாரும் சொன்னா நம்பியிருக்க மாட்டேன்" என்றாய். அவ்வளவுதான். நான் அதையும் ஒரு நகைச்சுவையாக்கப் பார்த்தேன். உன் அம்மா அடுப்படியிலிருந்து, "இஞ்ச பாருங்க, நம்புற பிள்ளைட்ட கள்ளம் பறையாதீங்க. நம்பாதவங்க ஊருல ஆயிரம் பேரு இருக்காங்கல்லா, அவங்ககிட்ட போய்ப் பறையுங்க" என்றாள். அந்த வாக்கை மட்டும் நான் சிரத்தையாகப் பின்பற்றினேன். உன்னிடம் நிறுத்தினேன், ஊரிடம் தொடர்ந்தேன்.

கொத்தனார் வேலையில் முதுகு போன சமயம், புகையில்லா அடுப்பு கட்ட ஆள் தேடி ஒரு கம்பெனி வந்தது. செங்கல், களிமண், உள்ளே ஒரு இரும்புச் சல்லடை, மேலே புகை போக ஒரு குழாய். காலனிகளில் நான்தான் கட்டினேன். கட்டி முடித்ததும், எல்லோரும் அதில் சமைக்கிறார்களா என்று மாதாமாதம் பார்த்துச் சொல்லும் வேலையையும் எனக்கே கொடுத்தார்கள். சூப்பர்வைசர் என்று பட்டம் வேறு. சூப்பராகப் பார்ப்பவன் என்று அர்த்தம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது யோசித்தால், தான் கட்டியதைத் தானே பார்த்து நன்று என்று சொல்லிக்கொள்ளும் உரிமை ஆண்டவர் ஒருவருக்குத்தான் உண்டு. அவரே ஏழாம் நாள் ஓய்வெடுத்துக்கொண்டார்.

பயிற்சிக்குச் சென்னையிலிருந்து ஒரு பெண் வந்தாள். அவள் சொன்னது உனக்குப் பால பாடம். ஆனால் சுவரில் ஒட்டுகிற கடிதம் ஆயிற்றே, வாசகசாலைக்கு வருகிறவர்களுக்காக எழுதுகிறேன். குளிர்தேசம் ஒன்றில் ஒரு தொழிற்சாலை நிலக்கரி எரிக்கிறது. இதற்கு மேல் புகைக்கக் கூடாது என்று அதற்கு ஒரு வரம்பு. தாண்டினால் தன் சூளையைச் சீர் செய்ய வேண்டும், அதற்குச் செலவு அதிகம். இல்லையென்றால் உலகத்தில் வேறு யாரோ குறைத்த புகையை விலை கொடுத்து வாங்கித் தன் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். வானம் எல்லோருக்கும் ஒன்றுதானே, எங்கே குறைந்தால் என்ன என்பது வாதம். நம் ஊர் அடுப்பு பாதி விறகில் சோறு வேகவைத்தால், எரியாமல் மிஞ்சிய விறகின் புகையை அளந்து, டன்னுக்கு ஒரு சான்றிதழ் போட்டு விற்பார்கள். அந்தப் பணத்தில்தான் அடுப்பு இலவசம், என் சம்பளமும் அதில்தான். கார்பன் கிரெடிட் என்று பெயர்.

நான் சும்மா இருப்பேனா? எழுந்து, "மேடம், நான் இன்னைக்கு பீடி குடிக்காம இருந்தா அதையும் விக்கலாமா?" என்றேன். கூட்டம் சிரித்தது. அவளும் சிரித்துவிட்டுச் சொன்னாள். "விக்கலாம். முதல்ல நீங்க வழக்கமா எத்தனை குடிப்பீங்கன்னு காட்டணும். நாங்க காசு தரலன்னா இன்னைக்கும் குடிச்சிருப்பீங்கன்னு காட்டணும். அப்புறம் நிஜமாவே குடிக்கலைன்னு பாக்க வெளியாள் ஒருத்தர் வருவார்." "அவருக்கு ஊதிக் காட்டணுமா?" என்று கேட்டேன். மறுபடியும் சிரிப்பு. அந்தச் சிரிப்பில் ஒரு விஷயத்தைத் தவறவிட்டேன். இந்த வியாபாரத்தில் சரக்கு என்பது நடக்காத ஒன்று. அரிசி என்றால் கையில் அள்ளிப் பார்க்கலாம், துணி என்றால் கிழித்துப் பார்க்கலாம். எரியாத விறகை யார் பார்ப்பது? பார்த்தேன் என்று ஒருவன் சொல்வதை இன்னொருவன் நம்புவதில்தான் மொத்தக் கடையும் நிற்கிறது. அப்படி ஓர் இடத்தில் என்னைப் போன்ற ஒருவனைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள், பாவம்.

தங்கம் மாமி வீட்டில் முதல் அடுப்பு கட்டினேன். உன் அம்மா சாலைக் கடைவீதித் துணிக்கடைக்குப் போய்விட்டால் பள்ளிக்கூடம் விட்டு வரும் உனக்குக் கஞ்சியும் பயிறும் ஊற்றியவள் அவள்தான். மூச்சிளைப்புக்காரி. முதலில் அவளுக்குப் புகையில்லாமல் ஆகட்டும் என்றுதான், சத்தியமாக, அந்த வீட்டிலிருந்து தொடங்கினேன். இரண்டு வாரம் ஆசையாகச் சமைத்தாள். அப்புறம் ஒரு நாள் பார்த்தால் வெளியே ஓலை இறக்கிய சாய்ப்பில் பழைய மூன்று கல்லைக் கூட்டி, இருமிக்கொண்டே ஊதிக்கொண்டிருந்தாள். "என்னக்கா இது?" என்றேன். "உனக்க அடுப்புக்கு வாய் சின்னதுடே மேஸ்திரி. குத்தரிசி வேகுற கலம் அதுல உக்காராது. விறகையும் தென்ன மடலையும் துண்டு துண்டா கீறணுமாம். எனக்கு இந்த மூச்ச வச்சிட்டு விறகு கீறவா, சோறு வைக்கவா? சாயை போட மட்டும் கொள்ளாம், நல்லாத்தான் எரியுது. சாயைய மட்டும் குடிச்சிட்டுக் கெடக்க முடியுமா?" எல்லா வீட்டிலும் அதே கதைதான். எங்கோ சப்பாத்தி சுடும் ஊருக்கு வரைந்த அடுப்பு அது. நம் ஊர்ச் சிவப்பரிசியையும், அது மணிக்கணக்கில் கொதிக்கும் கலத்தையும் வரைந்தவர் கண்டதில்லை.

அன்றைக்கே நான் மேலாளரிடம் போய், அடுப்பு சரியில்லை, வாயைப் பெரிதாக்க வேண்டும் என்று சொல்லியிருக்க வேண்டும். "எல்லாரும் உபயோகிக்குன்னுண்டல்லோ?" என்று அவர் தன் மலையாளத்தில், எல்லோரும் உபயோகிக்கிறார்கள்தானே என்று கேட்டபோது, "உண்டு சார், உண்டு சார்" என்றேன். வேலை போய்விடுமோ என்ற பயம் இருந்தது. அதைவிட வெட்கக்கேடான காரணம் ஒன்றும் இருந்தது. என் கையால் கட்டியது உதவாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பிறகு கும்ப மாதம், அதாவது மாசி, வந்தது, அம்மன் கோயில் பொங்காலை வந்தது. வாசகசாலைக்காரர்களுக்குப் பொங்காலையை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. உன் அதிகாரிக்குச் சொல்கிறேன்: அன்றைக்கு இந்த நகரத்தின் தெருவெல்லாம் பெண்கள் மூன்று செங்கல் கூட்டிப் புதுப்பானை வைத்துப் பொங்குவார்கள். செங்கல்லுக்குத் தட்டுப்பாடு. இருக்கிற கல்லை வெயிலுக்கு முந்தியே கொண்டுபோய்ப் போட்டு இடம் பிடிப்பார்கள். நம் காலனிப் பெண்கள் யோசித்தார்கள். வீட்டில் நல்ல சூளைச் செங்கல், சும்மா கிடக்கும் அடுப்பில். பெயர்த்தெடுத்துப் போய்ப் பொங்கிவிட்டு வந்தார்கள். பொங்கி முடித்த கல்லை வீடில்லாதவர்களுக்கு வீடு கட்ட ஒரு சங்கத்துப் பையன்கள் வண்டியில் அள்ளிக்கொண்டு போனார்கள். நான் போய்ப் பார்க்கிறேன், என் புகையில்லா அடுப்புகள் அத்தனைக்கும் முன்பல் இல்லை. அந்த வாரமே முதல் சரிபார்ப்புக்கு வெளியாளாக ஒரு வெள்ளைக்காரர் வருகிறார் என்று செய்தி.

அங்கேதான் உன் அப்பனுக்குள் இருக்கும் நாடகக்காரன் விழித்துக்கொண்டான். செங்கல் வாங்கி வீடு வீடாகப் பல் கட்டினேன். புதுக்கல் சிவந்து நின்றது. சிமினி விளக்குக் கரியைத் தேங்காய் எண்ணெயில் குழைத்தேன். அடுப்பு வாயின் மேல் உதட்டில் கனமாகப் பூசி, கீழே வர வர மெலிதாக்கினேன். சாத்தானுக்கு முகம் எழுதிய அதே விரல். கலம் பொங்கி வழிந்தது போலக் கஞ்சித் தண்ணீரில் ஒரு வெள்ளைக் கோடு இழுத்தேன். சல்லடைக்கு அடியில் சாம்பல் போட்டேன். செய்யும்போது சிரித்துக்கொண்டே செய்தேன் மக்கா, அதையும் சொல்ல வேண்டும். பெண்களும் சிரித்தார்கள். "மேஸ்திரி, எனக்க அடுப்புக்குக் கொஞ்சம் கூட கரி போடும், நான் நல்லா சமைக்கிறவன்னு வெள்ளக்காரன் நெனைக்கட்டும்" என்றாள் ஒருத்தி.

வந்தவர் வயதானவர், நல்ல மனிதர். வேர்த்து ஊற்றியது. குனிந்து அடுப்பின் உதட்டில் விரல் வைத்தார். விரலைத் திருப்பிப் பார்த்து, கரியைப் பார்த்து, திருப்தியாகச் சிரித்தார். தங்கம் மாமியிடம் இதில்தான் சமைக்கிறீர்களா என்று கேட்கச் சொன்னார். "ஆமா சார், நல்லா எரியுது, பொகையே இல்ல" என்று சொல்லிவிட்டு அவள் இருமத் தொடங்கினாள். இருமல் நிற்கவே இல்லை. அவர் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். அவர் போன பிறகு நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். மாமியும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

போன கிறிஸ்துமசுக்கு நீ வந்திருந்தாய். புது வேலை, புதுச் சட்டை. சாப்பிடும்போது உன் அம்மா, "நீ என்னத்தலே பாக்குற வேலை?" என்று கேட்டாள். நீ பப்படத்தை இரண்டாக உடைத்து, ஒரு பாதியை அவள் இலையிலும் இன்னொன்றை உன் இலையிலும் வைத்தாய். "அம்மா, நீ இத திங்காம விட்டா அதுக்குப் பதிலா நான் ஒண்ணு கூட தின்னுக்கிடலாம். மொத்தத்துல பப்படம் ஏறாது, எறங்காது. ஆனா நீ திங்கலன்னு சொல்லிட்டுத் தின்னுட்டேன்னு வை, நானும் தின்னுருவேன். அப்ப ரெண்டு போச்சு. யாரும் ஒண்ணும் சொல்லாம இருந்திருந்தாக்கூட ஒண்ணுதான் போயிருக்கும். நீ நெசமாவே திங்கலியான்னு பாக்குறதுதான் எனக்க வேலை." அம்மாவுக்குப் புரிந்தது. எனக்கு அதைவிட நன்றாகப் புரிந்தது. நான் அதுவரை யாரோ பணக்காரனை ஏமாற்றிய குறும்பு என்றுதான் நினைத்திருந்தேன். அந்தச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு எங்கோ ஒரு குழாய் தைரியமாகப் புகைத்துக்கொண்டிருக்கிறது. இங்கே மாமியின் சாய்ப்பிலும் புகை. இரண்டு புகைக்கும் நடுவில் நான் ஒற்றை விரலில் கரியோடு உட்கார்ந்து சாம்பாரைப் பிசைந்துகொண்டிருந்தேன். அப்பா ஏன் இன்றைக்குப் பேசவே இல்லை என்று நீ கேட்டாய். பல்வலி என்றேன்.

இதைவிடக் கனமானது ஒன்று இருக்கிறது. பொன்முடிப் பக்கம் எஸ்டேட் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் இதே கம்பெனி இதே அடுப்பைத்தான் கட்டியது. அங்கே இருந்த சூப்பர்வைசர், யாரும் இதில் சமைக்கவில்லை என்று முதல் மாதமே சொல்லிவிட்டான். அந்தப் பகுதிக்கு ஒரு வருடம் சான்றிதழ் இல்லை. ஆனால் கம்பெனி ஆள் அனுப்பி, கலத்தை அளந்து, பெரிய வாயோடு புது அடுப்பு கட்டிக் கொடுத்தது. பேருந்தில் பார்த்தபோது அவன் பெருமையாகச் சொன்னான். நம் காலனிக்கு அது வரவில்லை. எப்படி வரும்? நம் காலனியில்தான் எல்லாம் நன்றாக எரிகிறதே. நான் கரி பூசாமல் சும்மா வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் போதும், மாமிக்குப் புகையில்லாத ஓர் அடுப்பு கிடைத்திருக்கும். இப்போது அவள் மாதத்துக்கொரு தடவை பெரியாஸ்பத்திரியில் மூக்கில் குழலை வைத்துக்கொண்டு உட்காருகிறாள். டாக்டர், விறகடுப்புப் பக்கம் போகாதீங்க என்கிறார். அவள், சூப்பர்வைசர்ட்ட சொல்லும் என்று என்னைக் கைகாட்டிச் சிரிக்கிறாள்.

நீ போன் செய்ததற்கு மறுநாள் மேலாளர் கூப்பிட்டார். வரும் ஆட்களின் பெயர்கள் அவருக்கு வந்துவிட்டன. உன் பெயரோடு என் பெயரும் சேர்ந்திருப்பதைப் பார்த்துவிட்டார். "மோனாணோ வருன்னது? அப்போ நம்மள் ரக்ஷப்பெட்டு!" என்று எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். வருவது மகன் என்றால் நாம் தப்பித்தோமாம். வீடுகளைக் கொஞ்சம் 'ரெடி' ஆக்கிவிடு என்றார். மக்கா, நான் வாழ்க்கையில் எத்தனையோ பேரை முட்டாளாக்கியிருக்கிறேன். என் மகனை முட்டாளாக்க எனக்குச் சம்பளம் கொடுத்துக் கைகுலுக்குவார்கள் என்று நினைத்ததில்லை. அந்தக் கையை நானும் திரும்பக் குலுக்கினேன் என்பதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

நேரே தங்கம் மாமியிடம் போனேன். வருவது யார் என்று சொன்னேன். முறத்தைக் கீழே வைத்தாள்.

"நம்ம பையனா? எனக்க அடுப்பையா பாக்க வாறான்?"

"ஆமாக்கா."

"வந்து கேப்பானா, இதுலயா சமைக்கிய மாமின்னு?"

"கேப்பான்."

"அப்போ நான் அன்னைக்கு ஆஸ்பத்திரிக்குப் போயிருகேன். வெள்ளக்காரன்ட்ட பறைஞ்சாச்சு, அவன் யாரோ எவனோ. எனக்க கையால கஞ்சி குடிச்ச பிள்ளைட்ட மொகத்தப் பாத்துக் கள்ளம் பறைய எனக்கு ஒக்காது மேஸ்திரி. நீரு வேணும்னா பறையும், நீரு அப்பன்தானே."

அவள் என்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. மனதில் இருந்ததைச் சொன்னாள். நான் உண்மையைச் சொல்லப் போகிறேன் என்றதும் அவள் கேட்ட முதல் கேள்வி, "அடுப்ப எடுத்துட்டுப் போயிருவாங்களா?" என்பது. உதவாத அடுப்புதான், ஆனாலும் வீட்டில் இருக்கும் ஒரே புதுச் சாமான். எனக்குத் தெரியாது என்றேன். பொன்முடியில் எடுக்கவில்லை என்றேன். "பின்ன பறையும்" என்று முறத்தை எடுத்துக்கொண்டாள்.

ஆகவே, மக்கா, உன்னிடம் கேட்பது இதுதான். இந்தக் கடிதம் கிடைத்ததும் உன் அதிகாரியிடம் போய், அந்தத் திட்டத்தின் சூப்பர்வைசர் என் அப்பா, ஆகையால் நான் போகக் கூடாது என்று நீயாகச் சொல்லிவிடு. உன் முதல் பயணம் போய்விடும். புதுப் பையன், வந்ததும் குடும்பச் சிக்கலோடு வருகிறான் என்று உன்னைப் பற்றி நினைப்பார்கள். நிரந்தரம் ஆகும் முன்னால் இப்படி ஒன்று நடந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஒன்றும் சொல்லாமல் நீ வந்து, பிறகு தெரியவந்தால் அதைவிட மோசம். நீ வந்து, கரியைத் தொட்டுப் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட்டால் அதைவிடவும் மோசம். நான் உனக்கு வேறு வழி எதையும் மிச்சம் வைக்கவில்லை.

உனக்குப் பதிலாக வருகிறவருக்கு ஒரு கைதேர்ந்த கள்ளனின் ஆலோசனைகளைச் சொல்லிவிடு. சொல்லிவைத்து வர வேண்டாம், காலையில் சோறு வைக்கும் நேரமாகப் பார்த்து வரட்டும். இதில் சமைக்கிறீர்களா என்று கேட்க வேண்டாம், ஆமாம் என்பது நம் ஊரில் விருந்தினருக்குக் கொடுக்கும் மரியாதை. சாயை கேட்க வேண்டாம், அது எரியும், என்னைக் காப்பாற்றிவிடும். உங்கள் பெரிய கலத்தை அதன் மேல் வைத்துக் காட்டுங்கள் என்று கேட்கட்டும். அடுப்பைப் பார்ப்பதை விட்டுவிட்டு, வெளியே சாய்ப்பின் ஓலையில் கரி எங்கே படிந்திருக்கிறது என்று பார்க்கட்டும். அந்தக் கரி நான் பூசியதில்லை. அதைப் பூச எனக்குத் திறமை போதாது.

உனக்கும் ஒன்று சொல்வேன், இனிமேல் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்று தெரியவில்லை, இருந்தாலும் அப்பன். இந்தத் தொழிலை விட்டுவிடாதே. எல்லாம் ஏமாற்று வேலை என்று நாலு பேர் சொல்வார்கள், என்னைக் காட்டியே சொல்வார்கள். பொன்முடி லயத்தில் இன்றைக்கு ஒருத்தி இருமாமல் சோறு வடிக்கிறாள், அதுவும் இதே கணக்குதான், இதே சான்றிதழ்தான். நடுவில் நிற்பவன் உள்ளதைச் சொன்னால் இது வேலை செய்கிறது. நல்லது போல இருக்கும் ஒன்றைக் காட்டி உன்னிடம் யாராவது சிரித்தால், அந்தச் சிரிப்பை மட்டும் நம்பாதே. நானும் அப்படித்தான் சிரித்தேன்.

மேலாளருக்கு உரிய நகலை இன்று காலை கொண்டுபோய்க் கொடுத்தேன். நின்றுகொண்டே வாசித்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "தன்டெ பணி போகும், அது சரி. மோன்டெ பணியும் போயாலோ?" என்று கேட்டார். என் வேலை போவது சரி, மகன் வேலையும் போய்விட்டால் என்று.   நான் நேரே தபாலாபீசுக்கு வந்துவிட்டேன். இந்தக் கடைசி வரிகளை உன் கடிதத்தில் மட்டும் சேர்த்து எழுதி, பதிவுத் தபாலில் போடப் போகிறேன்.

வாசித்ததும் போன் செய். திட்டுவதற்காகச் செய்தாலும் போதும். அம்மா எடுத்தால் சுற்றி வளைக்காமல் அப்பாவிடம் கொடு என்று சொல். நான் பக்கத்தில்தான் இருப்பேன்.

உன் அப்பா